எட்டு நாலு முப்பத்தொன்று

பிரான்சில் என் கைக்கு வந்த முதல் பொருள் ஒரு களைக்கொத்து. காப்பி அதற்கு அப்புறம்தான் வந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்த்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள், அந்தப் பண்ணையின் வீட்டுக்காரம்மா கொத்தை என்னிடமும் ஒரு சின்ன வாளியை என் மகள் இனியாவிடமும் கொடுத்துவிட்டு ஸ்ட்ராபெரிப் பாத்தியைக் கைகாட்டினார். இனியாவுக்கு ஆறு வயது. வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங்ம்மா, நாம விருந்தாளிதானுங்களே?"

"இல்ல சாமி. வேலையாள்."

நாமக்கல்லில் விருந்துக்குப் போன வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கையில் எடுத்தாலே சண்டைக்கு வந்துவிடுவார்கள். இங்கே ஒப்பந்தமே வேறு. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் பண்ணை வேலை. பதிலுக்குச் சாப்பாடும் படுக்கையும். யாரும் யாருக்கும் நன்றி சொல்லிக் களைத்துப்போக வேண்டியதில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

இந்த யோசனையே எங்கள் வீட்டுக்கு மழைக்கு ஒதுங்கிய ஒரு பிரெஞ்சுக் குடும்பம் விட்டுச்சென்றதுதான். கொல்லிமலைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர்கள், சேந்தமங்கலம் ரோட்டில் இருக்கும் அப்பாவின் கோழிப்பண்ணையில் ஒரு ராத்திரி தங்கினார்கள். கூடவே நாலு வயதுப் பையன். அவனை வைத்துக்கொண்டு எப்படி என்று நான் கேட்க, "அவன் இல்லாமல் எப்படி?" என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மே மாதம் முழுக்க லீவு. வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியோடு வருஷத்தில் பாதி நாள் சத்தீஸ்கரில் கிடப்பவர். அவர் போனில் சொன்னது ஒன்றே ஒன்று: "போல்ட்டெல்லாம் டைட்டா இருக்குதான்னு தெனமும் பாத்துக்க."

பார்க்கவில்லை. மூன்றாம் நாளே அனுபவித்தேன்.

என் சைக்கிளின் பின்னால் ஒற்றைச் சக்கரத்தோடு ஒரு பாதிச் சைக்கிளை மாட்டியிருந்தோம். இனியா அதில் உட்கார்ந்து, நினைத்தால் மிதிப்பாள், இல்லாவிட்டால் சீமையை வேடிக்கை பார்ப்பாள். லாரி ஊரில் பிறந்தவள் என்பதால் தன்னைக் கிளீனராக நியமித்துக்கொண்டாள். "கார் வருது, கார் வருது, ஓரம்... போலாம் ரைட்!" என்று அவள் கத்துவதைக் கேட்டு வயலில் டிராக்டர் ஓட்டுகிறவர்கள் கையசைத்தார்கள். ஒரு இறக்கத்தில் அந்தச் சத்தம் திடீரென்று தள்ளிக் கேட்டது. திரும்பிப் பார்த்தால், இணைப்புப் போல்ட் கழன்று, பாதிச் சைக்கிளும் கிளீனரும் புல்தரையில் சாய்ந்து கிடந்தார்கள். முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவ்வளவுதான். ஆனால் போல்ட்டைத் தேடித் தேடியும் காணவில்லை.

எங்கள் ஊராக இருந்தால் அதற்குள் நாலு பேர் கூடி எட்டு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே அரை மணி நேரத்துக்கு ஒரு மாடுகூட எட்டிப் பார்க்கவில்லை. பிறகு தபால் வண்டி ஓட்டிவந்த ஒரு பெண் நிறுத்தினாள். வேலிக் கம்பியில் ஒரு முழம் வெட்டி, இணைப்பை முறுக்கிக் கட்டி, உதைத்துப் பார்த்துவிட்டு, "அடுத்த ஊரில் கடை. ஆனால் திங்கட்கிழமை. அதனால் மூடியிருக்கும்" என்றாள். பிரான்சில் திங்கட்கிழமை கடை மூடியிருப்பதையும் மதியம் பன்னிரண்டுக்கு எல்லாம் மூடுவதையும் நான் கடைசிவரை மன்னிக்கவில்லை.

கம்பிக் கட்டோடுதான் இரண்டாம் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தோம். மிரேயின் பண்ணை. ஐம்பத்தெட்டு வயது, தனி ஆள், முப்பது வெள்ளாடு. ஆட்டுப்பாலில் பாலாடைக்கட்டி செய்து சனிக்கிழமைச் சந்தையில் விற்பவர். அவருடைய பாலாடைக்கட்டியின் வாசனைக்கு இனியா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் நாள் ரொட்டியில் தடவி மூன்று துண்டு சாப்பிட்டாள். நான் ஆட்டுப்பாலில் தயிர் உறை குத்தினேன். நாங்கள் கொண்டுபோன துவரம்பருப்பைப் போட்டு அரிசியும் பருப்பும் சோறு ஆக்கினேன். மிரேய் அதன் மேல் வெண்ணெயை ஒரு கட்டியாக வைத்துச் சாப்பிட்டுவிட்டு, "இதற்குப் பெயர் என்ன?" என்றார். அரிசியும் பருப்பும் என்றேன். "அது தெரிகிறது. பெயர்?" அதுதான் பெயர் என்று புரியவைக்கச் சோறு ஆறிப்போயிற்று.

இராச்சாப்பாடு எட்டு மணிக்கு. வெயில் அப்போதும் ஜன்னல் வழியாக மேஜை மேல் விழும். அங்கே மே மாதத்தில் ஒன்பதரை வரை இருட்டுவதில்லை. இனியா தினமும் இரண்டு தடவை மதியச் சாப்பாடு சாப்பிடுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மிரேயிடம் முப்பத்திரண்டு கோழிகளும் இருந்தன. வந்த அன்றே, கோழி பற்றித் தெரியுமா என்று கேட்டார். என் ஆறு மாசத்துப் பிரெஞ்சையும் போனில் இருந்த மொழிபெயர்ப்பையும் கூட்டி, "என் அப்பாவிடம் இருபத்தையாயிரம் கோழிகள்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, காகிதத்தில் 25000 என்று எழுதி, ஒரு பூஜ்யத்தை அடித்துக் காட்டினார். நான் அதைத் திரும்பப் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து ஒரு கேள்வி கேட்டார். போன் அதை, "மாலையில் எல்லாவற்றையும் எப்படி வீட்டுக்குள் அழைப்பீர்கள்?" என்று சொன்னது. மொழிபெயர்ப்பு சொதப்புகிறது என்று நினைத்து, "பிரச்சினை இல்லை" என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பண்ணைகளில் ஒரு வழக்கம். கிளம்பும்போது பண்ணைக்காரர் நம்மைப் பற்றி நாலு வரி இணையத்தில் எழுதுவார். அடுத்த பண்ணைக்காரர் அதைப் படித்துவிட்டுத்தான் சேர்ப்பார். பிள்ளையோடு வருகிறவள் என்றால் இரண்டு முறை படிப்பார். அடுத்து நாங்கள் கேட்டிருந்தது ஒரு கழுதைப் பண்ணை. இனியா படத்தைப் பார்த்து, ஏழு கழுதைக்கும் பெயர் வைத்துவிட்டாள். அந்தப் பண்ணைக்காரர், "மிரேய் என்ன எழுதுகிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று பதில் அனுப்பியிருந்தார். அவர் மாட்டேன் என்றால், மிச்சப் பன்னிரண்டு நாளும் அறை எடுத்துத் தங்க எனக்குக் கட்டுப்படியாகாது. மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

நாங்கள் போன ஐந்தாம் நாள் மிரேய்க்கு டவுனில் கண் ஆபரேஷன். ஒரு ராத்திரி தங்கை வீட்டில் இருந்துவிட்டு மறுநாள் மதியம் வருவதாக ஏற்பாடு. ஆடுகளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கறந்துகொள்வார். கோழி என் பொறுப்பு. காரில் ஏறும்போது போனில் நிதானமாகப் பேசி, எனக்குத் தமிழில் வரும்வரை காத்திருந்தார்: "கோழிகள் தூங்கப் போன பிறகு கதவைச் சாத்து. எண்ணு. முப்பத்திரண்டு. இங்கே நரி உண்டு."

இருபத்தையாயிரம் கோழிக்காரனின் மகளுக்கு முப்பத்திரண்டு எம்மாத்திரம்? சாயங்காலம் ஏழு மணிக்குக் கோழி வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊரில் வருஷம் பூராவும் ஆறரை, ஏழுக்குள் இருட்டிவிடும். கோழி, மனுஷன் எல்லாருக்கும் அதுதான் கணக்கு. இங்கே வெயில் நாலு மணி வெயில் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. கோழிகள் தோட்டம் பூராவும் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றும் தூங்குகிற உத்தேசத்தில் இல்லை. தீவனச் சட்டியைத் தட்டினேன். ஓடிவந்தன. உள்ளே கொட்டினேன். மொத்தமும் உள்ளே போயின. எனக்கே என் சாமர்த்தியம் பிடித்துப்போயிற்று.

உள்ளே குறுக்கே எட்டுக் கட்டைகள். கோழி ஏறி உட்காருவதற்கு. தின்று முடித்தவை ஒவ்வொன்றாக ஏறின. முதல் கட்டையில் நாலு. இரண்டாவதில் நாலு. எட்டு நாலு முப்பத்திரண்டு. கதவைச் சாத்தினேன்.

சிரிக்காதீர்கள். எங்கள் பண்ணையில் கோழியை யாரும் எண்ணுவதில்லை. கூண்டைத்தான் எண்ணுவோம். கூண்டுக்கு நாலு, வரிசைக்கு இத்தனை கூண்டு, ஷெட்டுக்கு இத்தனை வரிசை. பெருக்கினால் வந்துவிடும். நான் வாய்ப்பாடு கற்றுக்கொண்டதே அந்த ஷெட்டில்தான்.

"கெந்தி வரலீங்ம்மா" என்றாள் இனியா. ஒரு காலைக் கெந்திக் கெந்தி நடக்கிற செம்பட்டைக் கோழிக்கு அவள் வைத்த பெயர் கெந்தி. சட்டிச் சத்தத்துக்கு மற்றதெல்லாம் ஓடிவரும்போது அது பின்தங்கிவிடும்.

"எண்ணிட்டேன் சாமி. எல்லாம் உள்ள இருக்குது."

"நான் பாக்கலீங்ளே."

"அம்மா கணக்கு டீச்சர்."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தோம். இனியா வாசலில் குத்தவைத்து, ஒவ்வொன்றும் வெளியே வர வர விரலை மடக்கி எண்ணினாள். முப்பத்தொன்று. வால்நட் மரத்தடியில் செம்பட்டை இறகுகள் ஒரு கூடையளவு கொட்டிக்கிடந்தன. அங்கிருந்து வேலிவரை அங்கொன்றும் இங்கொன்றுமாக. இனியா அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். "நான் சொன்னேனுங்கல்லம்மா" என்று மட்டும் சொன்னாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மிரேய் என்ன எழுதுவார் என்கிற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது, ஆனால் வந்தது.

அப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கே பத்து மணி. தீவனம் அரைக்கிற மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"என்ன அம்மிணி, சீமை எப்படி இருக்குது?"

"இங்க ஒரு கோழி போயிருச்சுங்கப்பா. நரி புடிச்சிருச்சு."

"ஒண்ணா?"

"ஒண்ணுங்."

"இங்க அடிக்கிற வெயிலுக்கு நேத்து மட்டும் நாப்பது போயிருச்சு. ஒரு கோழிக்கா பிரான்சுல இருந்து போன் போட்டே?"

நடந்ததைச் சொன்னேன். கழுதைப் பண்ணையையும் சொன்னேன். மிஷின் சத்தம் நின்றது. யோசிக்கும்போது அப்பா மிஷினை நிறுத்திவிடுவார்.

"நரி புடிச்சிருச்சுன்னு சொல்லீரு. பொய்யா அது? நரிதான புடிச்சுது?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. "அப்பிச்சி, அம்மா கதவச் சாத்தறப்ப கெந்தி வெளிய இருந்துதுங்க" என்றாள் இனியா.

"சாமி அங்கதான் இருக்குதா?" என்றார் அப்பா. பிறகு என்னிடம், "கோழி எத்தனை மணிக்குத் தூங்கும்னு கோழியக் கேட்டிருக்கோணும் அம்மிணி. கடியாரத்தக் கேட்டா?" என்று சொல்லிவிட்டு மிஷினைப் போட்டார்.

மிரேய் ஒரு கண்ணில் கட்டோடு ஒரு மணிக்கு வந்து இறங்கினார். சமையலறை மேஜையில் உட்கார்ந்ததும் போனை நீட்டினேன். அப்பா சொன்ன வாக்கியம்தான். நரி ஒரு கோழியைப் பிடித்துவிட்டது. ஒற்றைக் கண்ணால் படித்தார். பெருமூச்சு விட்டார். "நரிக்கும் குட்டி இருக்கும்" என்று சொல்லி, எழுந்து காப்பி வைக்கப் போனார்.

முடிந்தது. அவ்வளவு சுலபம். கழுதைப் பண்ணை கிடைத்துவிட்டது என்று மனசு கணக்குப் போட்டது. இனியா ரொட்டியைப் பிய்த்து, அதன் உள்பகுதியை உருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் பேச்சை நிறுத்திக்கொண்ட அதே முகம். இந்தப் பிள்ளை இனிமேல் நான் எண்ணியதாகச் சொல்லும் எதையும் நம்பாது என்று எனக்குப் பட்டது. அது எனக்குத் தாங்கவில்லை. கழுதையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று போனைத் திரும்ப எடுத்தேன்.

"ஏழு மணிக்கே சாத்தினேன். நான் எண்ணவில்லை. பெருக்கினேன். மகள் ஒன்று குறைகிறது என்று சொன்னாள். நான் கேட்கவில்லை."

மிரேய் மூன்று முறை படித்தார். மற்றதெல்லாம் புரிந்தது, பெருக்கினேன் என்பது புரியவில்லை. முன்பு பூஜ்யம் அடித்த அதே மாதிரி ஒரு காகிதம் எடுத்து, கூண்டுகளை வரைந்தேன். ஒரு பெட்டி, உள்ளே நாலு கோழி. பக்கத்தில் இன்னொரு பெட்டி, நாலு. கீழே ஒரு வரிசை. பக்கம் நிறைந்தது. அவர் காகிதத்தைக் கட்டில்லாத கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு பெட்டியின் மேல் விரலை வைத்துக் கேட்டார். அதற்குப் போன் தேவைப்படவில்லை.

"கதவு எங்கே?"

நான் கதவு வரையவில்லை. மறந்துபோய் அல்ல; கோழி தானாக நடந்து வெளியே போக அந்தக் கூண்டுகளில் வழி கிடையாது. அப்பா கொடுத்த சோறு, என் படிப்பு, என் கல்யாணம், இந்த விமான டிக்கெட் எல்லாம் அந்தப் பெட்டிகளில் இருந்துதான் வந்தன; அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை, இப்போதும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் கோழிப்பண்ணைக்காரர் வீட்டில் சீக்கு பரவும் என்று ஒரு நாட்டுக்கோழியைக்கூடச் சேர்க்கமாட்டார்கள். ஆக, முப்பத்தாறு வருஷமாகக் கோழிகளுக்கு நடுவே வளர்ந்தும், ஒரு கோழி சாயங்காலம் எங்கே போகும், எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது. அன்றுதான் அது எனக்கே தெரிந்தது.

மிரேய்க்குக் கோபம் கோழியைப் பற்றி இல்லை. "இரண்டாவதாகச் சொன்னது சரி. முதல் வாக்கியத்தை ஏன் சொன்னாய்?" என்றார். அடுத்த மூன்று நாள் ஆட்டுக்கொட்டகையில் குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த எருவை என்னை அள்ள வைத்தார். பேச்சு குறைவு, ரொட்டி வழக்கம்போல. எரு அள்ளுவதில் நான் யாருக்கும் சளைத்தவளில்லை என்பதை அங்கே நிரூபித்துவிட்டேன்.

கோழிக் கதவு மட்டும் என்னிடம் வரவில்லை. திரும்பி வந்த அன்று ராத்திரி ஒன்பது மணிக்கே மிரேய் இனியாவைத்தான் கூப்பிட்டார். நான் பின்னாலேயே போய் வேலி ஓரம் நின்றேன். சட்டி இல்லை, தீவனம் இல்லை, யாரும் கூப்பிடவில்லை. வெளிச்சம் மங்க மங்க, ஒரு கோழி மேய்வதை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு இரண்டு மூன்றாக. வாசலில் ஒரு நிமிஷம் நின்று, வெளியே ஒரு பார்வை பார்த்து, உள்ளே போய்க் கட்டையில் ஏறின. இனியா தமிழில் சத்தமாக எண்ணினாள். எவ்வளவு பெரிய ஆள் மாதிரி அப்பா பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தேன்!

முப்பத்தொன்று என்றதும் மிரேய் கதவைச் சாத்தவில்லை. இனியாவைச் சாத்தச் சொன்னார்.

ஒன்பதாம் நாள் காலை, அடுத்த ஊர்க் கடையில் வாங்கிய புதுப் போல்ட்டை இறுக்கி, பையைக் கட்டினோம். மிரேய் இரண்டு உருண்டைப் பாலாடைக்கட்டியைத் துணியில் சுற்றி இனியாவிடம் கொடுத்தார். எனக்குக் கை கொடுத்தார். என்ன எழுதப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் கழுதைப் பண்ணையில் இருந்து பதில் வராவிட்டால் ரயில் நிலையத்துக்குத் திரும்புவது என்று வைத்துக்கொண்டு மிதித்தோம். கிளீனர் அன்றைக்குச் சத்தமே போடவில்லை.

மதியம் ஒரு தேவாலயத்தின் வெளிக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கழுதைப் பண்ணை. "வாருங்கள். இருவரும்." அவ்வளவுதான் இருந்தது. நம்ப முடியாமல், மிரேய் எழுதியதைத் தேடி எடுத்தேன். வரி வரியாகத் தமிழில் மாற்றி இனியாவுக்கு வாசித்தேன்.

"இவளுக்குக் கோழி தெரியாது. தெரியும் என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு தவறு செய்தாள், ஒரு பாதி உண்மை சொன்னாள். காப்பி கொதிப்பதற்குள் மீதியையும் தானே சொன்னாள். ஆடு, எரு, சமையல் எல்லாம் நம்பி ஒப்படைக்கலாம். எண்ண வேண்டியது எதுவானாலும் மகளிடம் கொடுங்கள்."

இனியா பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"நம்மளப் பத்தி நல்லா எழுதியிருக்காங்களாம்மா?"

"உன்னப் பத்தி நல்லா எழுதியிருக்காங்க."

"உங்களப் பத்தி?"

"செரியா எழுதியிருக்காங்க சாமி."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் சைக்கிளைச் சுற்றிவந்து, இணைப்புப் போல்ட்டைக் கையால் திருகிப் பார்த்துவிட்டு, தன் சீட்டில் ஏறினாள்.

"போலாம் ரைட்!"